ஹட்டன் குளிருக்கென்றே செய்த வாசம்

கூச்சி ப்ளூம் சென்ட் போட்டுக்கொள்ள உலகத்தில் எந்த ஊர் தோதான ஊர் என்று யாராவது என்னைக் கேட்டால், ஹட்டன் என்று அடித்துச் சொல்வேன். ஹட்டன் வாய்க்காதவர்களுக்குத் தலவாக்கலை. அதுவும் இல்லாவிட்டால், நானுஓயா ஸ்டேஷனில் காலை ரயிலுக்காக நடுங்கிக்கொண்டு நிற்கும் அந்த மேடை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வெள்ளைப்பூ வாசனை என்றாலே கோடை வெயில், கடற்கரை, மெல்லிய பருத்திச் சட்டை என்று விளம்பரக்காரர்கள் நம் தலையில் ஏற்றிவிட்டார்கள். மல்லிகையும் சம்பங்கியும் சூட்டில் செழிக்கிற செடிகள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூச்செடிக்கு எது நல்ல ஊரோ, அந்தப் பூவின் சென்டுக்கும் அதுதான் நல்ல ஊர் என்று யார் சொன்னது?

கொழும்பில் படித்த காலத்தில் இதே சென்டைக் கூட்டாளி ஒருத்தியின் கையில் முகர்ந்திருக்கிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியில், முப்பது பாகை வெயிலில். அடித்த மறுநிமிடம் எல்லாப் பூவும் ஒரேயடியாகக் கிளம்பி முகத்தில் அறைந்தது. பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் தித்திப்பாய் ஏதோ ஒன்று மட்டும் கையில் ஒட்டிக்கொண்டு நின்றது. சென்ட் கெட்டதல்ல. வேகம்தான் கெடுத்தது. ஆறு மணி நேரம் சொல்லவேண்டிய கதையை அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்க வைத்தால் யாருக்குத்தான் புரியும்?

எங்கள் ஊரில் அதே சென்ட் கதையை நிதானமாகச் சொல்கிறது. ஹட்டன் கடல் மட்டத்துக்கு மேலே 1,250 மீற்றருக்கும் அதிகமான உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே ஆண்டுச் சராசரி வெப்பமே பதினாறு பாகை அளவில்தான். சென்ட் என்பது சாராயத்தில் கரைத்த வாசனை எண்ணெய்கள்தானே. தோலில் பட்டதும் முதலில் சாராயம் பறக்கும். பிறகு இலேசான மூலக்கூறுகள், பிறகு நடுத்தரமானவை, கடைசியில் கனமானவை என்று வரிசை வைத்துப் போகும். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக முன்னே வருவார்களே, அப்படி. வெயில் ஊரில் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு வருகிறார்கள். குளிரிலோ ஒவ்வொருத்தர் முகத்தையும் நின்று பார்க்க நேரம் இருக்கிறது.

இந்தப் போத்தல் என் கைக்கு வந்தது குவைத்திலிருந்து. பெரியம்மா மகள் அங்கே வீட்டு வேலை செய்கிறாள். லீவில் வரும்போது எல்லாருக்கும் ஏதாவது கொண்டுவருவாள். அம்மாவுக்குப் போர்வை, தம்பிக்குச் சப்பாத்து, எனக்கு எப்போதும் அந்த ஊர் ஊத் அத்தர். நான் அதை மரியாதையாக அலுமாரியில் வைத்துவிடுவேன். இந்த முறை, "டீச்சர் அம்மாவுக்குப் பூ மணக்கிற மாதிரி வேணுமாமே" என்று கேலி பண்ணிக்கொண்டே ஒரு ரோசா நிறப் பெட்டியை எடுத்து நீட்டினாள். பெட்டி முழுக்கப் பழைய காலத்துச் சீத்தைத் துணியில் வருகிற கிளையும் இலையுமாகச் சித்திரம். உள்ளே சதுரமான, வெளிறிய ரோசா நிறப் போத்தல். கண்ணாடிதான், ஆனால் பீங்கான் என்று சத்தியம் பண்ணுவீர்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாத மாதிரி பூசியிருக்கிறார்கள். இதனால் எனக்குத் தினமும் ஒரு பதற்றம்.

விலையையும் சொல்லிவிடுகிறேன், மூடி மறைக்க ஒன்றுமில்லை. தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆனதே 2021இல்தான். 2024இல் அது 1,350 ரூபா ஆனது. இந்தச் சென்டின் சின்னப் போத்தலுக்கே ஒரு கொழுந்துக்காரியின் ஒரு மாத உழைப்பு போதுமோ போதாதோ. என் சொந்தச் சம்பளத்தில் நான் இதை வாங்கியிருக்க மாட்டேன். யாரையும் வாங்கச் சொல்லவும் இல்லை. ஆனால் கைக்கு வந்த பிறகு அதை அலுமாரியில் பூட்டிவைத்து, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் எடுக்கிற புத்தி எனக்கு இல்லை. திங்கட்கிழமை காலையிலேயே போடுவேன். அக்கா பாடுபட்டு வாங்கியது பூட்டி வைப்பதற்கா?

2017இல் வந்த சென்ட் இது. அப்போது கூச்சியின் உடை, பை, சப்பாத்து எல்லாவற்றையும் மாற்றி எழுதிக்கொண்டிருந்த அலெஸ்ஸாந்த்ரோ மிக்கேலே, பூ நிறைந்த தோட்டம் ஒன்றை அப்படியே போத்தலில் அடைக்கவேண்டும் என்று கேட்டாராம். செய்து கொடுத்தவர் அல்பெர்ட்டோ மொரியாஸ். ஸ்பெயினின் செவில் நகரத்துக்காரர். அவருடைய பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய கைவண்ணம் உங்கள் மூக்குக்குத் தெரிந்திருக்கும். 1994இல் வந்த சீகே வன், 1996இல் வந்த அக்வா டி ஜியோ, 2000இல் வந்த கென்ஸோ ஃபிளவர் எல்லாம் அவர் கைபட்டவை. ப்ளூமுக்கு அவர் எடுத்துக்கொண்டது மூன்றே மூன்று பூ. மல்லிகை மொட்டு, நம்மவர்கள் சம்பங்கி என்றும் நிலச்சம்பங்கி என்றும் சொல்லும் டியூப்ரோஸ், ரங்கூன் மல்லி. பழத்தைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தவில்லை. மிளகு, ஏலம் என்று ஒன்றும் தூவவில்லை. பூ, பூ, இன்னும் பூ.

சரி, தோலுக்கு வருவோம்.

காலை ஆறு மணி. வெளியே மூடுபனி, எதிர் மலையில் இருக்கிற லயம் தெரியவில்லை. மணிக்கட்டில் அடிக்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். இந்தக் குளிரில் மணிக்கட்டு ஐஸாகக் கிடக்கும், அங்கே அடித்தால் சென்ட் உறங்கிப்போகும். முழங்கை மடிப்பில் ஒன்று, காதுக்குக் கீழே ஒன்று, நெஞ்சுக்குழியில் ஒன்று. மேலே ஸ்வெட்டர். உடம்புச் சூடு ஸ்வெட்டருக்குள் அடைபட்டு, கழுத்து வழியாக மெல்ல மெல்லக் கசியும். குளிர்நாட்டில் சென்ட் போடுகிற ரகசியமே இந்தக் கழுத்துதான்.

முதலில் வருவது பூ இல்லை. பச்சை. மொட்டைக் காம்போடு கிள்ளினால் விரலில் ஒட்டுமே அந்தப் பச்சை. கொழும்பில் இது கண் சிமிட்டுவதற்குள் போய்விடும், நான் அங்கே இதைக் கண்டதே இல்லை. இங்கே கால் மணி நேரத்துக்கும் மேலே நிற்கிறது. எனக்கோ அது அந்நியமான வாசமே இல்லை. கொழுந்தை உள்ளங்கையில் போட்டுக் கசக்கினால் வருகிற வாசத்துக்கும் இதற்கும் உறவு இருக்கிறது. இலை முறிகிற இடத்தில் ஹெக்ஸெனோல் என்ற பொருள் கிளம்புகிறது, இலைச்சாராயம் என்றே அதற்கு ஒரு செல்லப் பேர் உண்டு. பச்சை வாசம் வேண்டும் என்றால் சென்ட் செய்பவர்கள் கைவைக்கும் சரக்குகளில் அதுவும் ஒன்று. விடிந்ததும் ஆயிரக்கணக்கான கைகள் இந்த மலைகளில் கிள்ளிக் கிள்ளிக் காற்றில் விடுவதும் அதைத்தான்.

பஸ் ஏறி டிக்கோயாப் பக்கம் போய் இறங்கி, பாடசாலைக்கு ஏறும் படிகளில் மூச்சு வாங்கும்போது மல்லிகை திறக்கிறது. ஏறுகிற ஏற்றத்தில் உடம்பு சூடாகும் அல்லவா, அந்தச் சூடு போதும் அதற்கு. ஐயோ, அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது! மொட்டு விரிந்த பூவாகிறது, வேறொன்றும் இல்லை. கடையில் விற்கிற "மல்லிகை சென்ட்" சிமிழைத் திறந்ததும் மூக்கைக் குத்துமே, அந்தக் குத்தல் இதில் இல்லை. காற்றோட்டமுள்ள மல்லிகை. பூவுக்கும் பூவுக்கும் நடுவில் இடம் விட்டுக் கட்டிய சரம். ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கொப்பியைத் திருத்தக் கொண்டுவந்தவள், கொப்பியை மறந்துவிட்டு, "டீச்சர், கோயில் மணக்குது" என்றாள். ஹட்டன் மாணிக்கப் பிள்ளையார் கோயில் தேர் நாளில் கூட்டத்துக்குள் நின்றவளுக்குத்தான் அந்தப் பேச்சு வரும். எத்தனையோ ஆங்கில விமர்சனங்களை வாசித்திருக்கிறேன், இத்தனை சரியாக ஒருத்தரும் சொல்லவில்லை.

இந்த மல்லிகையில் ஒரு குறை சொல்பவர்கள் உண்டு. உண்மையான மல்லிகையில் இன்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. துளி இருந்தால் பூவுக்கு உயிர் கொடுக்கும். கூடினால் அந்துருண்டை வாடை. இன்னும் கூடினால் மலத்தின் வாடை, ஆமாம், அதிலும் இருப்பது இதேதான். நள்ளிரவில், வாடத் தொடங்கிய மல்லிகைச் சரத்தைக் கூந்தலிலிருந்து எடுக்கும்போது ஒரு கிறக்கம் வருமே, அது இந்த இன்டோலின் வேலை. ப்ளூமில் அதைத் துடைத்துக் கழுவி வைத்திருக்கிறார்கள், ரொம்பச் சுத்தம், சவர்க்கார வாசம் வருகிறது என்பது குற்றச்சாட்டு. எனக்கு அது குற்றமாகப் படவில்லை. காலை எட்டு மணிக்கு நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப் போகிறவளுக்கு இன்டோல் அளவாக இருப்பதுதான் நல்லது. கிறக்கம் வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 1948இல் ஜெர்மேன் செலியே என்ற பெண்மணி ரொபெர் பிகே கம்பனிக்குச் செய்த ஃப்ரக்கா இருக்கிறது. சம்பங்கியை இரக்கமில்லாமல் கொட்டியது. 1985இல் வந்த டியோரின் பொய்ஸன் இருக்கிறது, அறைக்குள் ஆள் வருமுன்னே வாசம் வந்து கதிரையில் உட்கார்ந்துவிடும். குண்டுமல்லிகைக்கு ஊதா வெளிச்சம் போட்ட முக்லேயின் ஏலியன், 2005. 1999இல் கலிஸ் பெக்கர் செய்த ஜாதோரும் இந்தக் குடும்பம்தான், அது கொஞ்சம் பழமும் சேர்த்த பணக்கார வீட்டுப் பெண். எல்லாம் அழகு. ஆனால் என்னோடு பஸ்ஸில் ஏறி வேலைக்கு வருவது ப்ளூம் ஒன்றுதான்.

பதினொரு மணிக்கு மேல், வெயில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும் நேரத்தில், சம்பங்கி. இதற்காகத்தான் நான் காத்திருப்பேன். மல்லிகை மேலே மிதக்கிற வாசம் என்றால் சம்பங்கி தோலோடு கிடக்கிற வாசம். வெண்ணெய்ப் பசை, கொஞ்சம் தேங்காய்ப்பால், அதன் நடுவே திடீரென்று ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்துச் சொன்னது அம்மா. ஒரு நாள் பின்னேரம், மலையிலிருந்து வந்து படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையைப் பிடித்து முகர்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நம்ம அயடெக்ஸைக் கலந்திருக்கானுங்கடி" என்றார்.

நான் சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன், அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி! சம்பங்கிப் பூவில் இயற்கையாகவே மெத்தில் சலிசிலேற் இருக்கிறது. அம்மா வருடக்கணக்காகத் தோளிலும் முழங்காலிலும் தேய்த்துக்கொள்ளும் அயடெக்ஸில் இருப்பதும் அதே மெத்தில் சலிசிலேற். இன்னும் கேளுங்கள். யூலை முதல் செப்டெம்பர் வரை காற்று வறண்டு வீசும்போது ஊவாத் தேயிலைக்கு ஒரு விசேஷ மணம் ஏறும், ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு. அந்த மணத்துக்குக் காரணமான பொருள்களில் முக்கியமானதும் இதுதான். ஆக, கொழுந்துக்காரியின் தோள்வலித் தைலம், உலகம் போற்றும் ஊவாத் தேநீர், இத்தாலியக் கம்பனியின் வெள்ளைப்பூ சென்ட், மூன்றிலும் ஒரே மூலக்கூறு. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து இந்தச் சென்ட் எனக்கு வெளிநாட்டுச் சாமானாகத் தோன்றுவதே இல்லை. நூறு புத்தகம் வாசித்த மூக்கைவிட, கொழுந்தோடு ஒரு வாழ்நாள் பழகிய மூக்கு பெரிது.

மல்லிகைக்கும் தேயிலைக்கும் உறவு அதோடு முடியவில்லை. லினலூல், ஜெரானியோல், ஜாஸ்மோன் என்று மல்லிகையையும் ரோசாவையும் மணக்கவைக்கும் பொருள்களின் பட்டியலை எடுத்து ஒரு நல்ல மேல்நாட்டுத் தேயிலையின் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தால், பாதிப் பேர் இரண்டிலும் இருப்பார்கள். கொழுந்தைக் கிள்ளியதும் இலை செத்துவிடுவதில்லை. வாட்டும் தட்டில் கிடக்கிற பன்னிரண்டு, பதினைந்து மணி நேரமும் அது வாசனையைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை, பகலில் வெயிலும் இரவில் உறைபனியுமாக இருக்கும் நாட்களில் எங்கள் திம்புள்ளைப் பக்கத் தேயிலை பூவாக மணப்பது சும்மா இல்லை. அந்த மாதங்களில் ப்ளூம் போட்டுக்கொண்டு ஒரு கோப்பைப் பிளேன்டீயைக் கையில் எடுத்துப் பாருங்கள். எது கோப்பை, எது கை என்று மூக்குக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் தேயிலை ஸ்டோர் பக்கம் மட்டும் இந்தச் சென்டோடு போகவே கூடாது. தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், பொல்லாத பிடிவாதம் அதற்கு. மாமா ஸ்டோரில் வாட்டும் பகுதியில் வேலை. அவருக்குச் சோற்றுப் பெட்டி கொண்டுபோன நாளில், வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே டீமேக்கர் கையைக் காட்டி நிறுத்தினார். "புள்ள, அங்கயே நில்லு. சாப்பாட்ட அங்கயே வச்சிட்டுப் போ. நீ உள்ள வந்தா இன்னைக்கு அரைக்கிற தூளெல்லாம் கல்யாண வீடு மாதிரி மணக்கும்." அவர் ஏசவில்லை, பாராட்டினார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பத்தடி தூரத்தில், குளிரில், சாப்பாட்டுக் கறி வாசத்தையும் மீறி அடித்திருக்கிறது என்றால் பாருங்களேன்.

இந்தப் பூக்களின் சொந்த ஊர்க் கதையும் எங்களுக்குத் தூரமானதல்ல. சம்பங்கியின் பூர்வீகம் மெக்சிக்கோ. ஆனால் இன்றைக்கு உலகத்து வாசனைத் தொழிலுக்குப் போகிற குண்டுமல்லியிலும் சம்பங்கியிலும் பெரும்பங்கு தென்னிந்தியாவில் விளைவது. மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் பக்கத்து நிலங்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். குண்டுமல்லியை மொட்டாகப் பறித்து, மாலையில் விரியவிட்டு, வாசம் உச்சிக்கு ஏறிய இரவு வேளையில் கரைப்பானில் இட்டுச் சாரம் இறக்குகிறார்கள். ஆயிரம் கிலோ பூவுக்குக் கிடைப்பது ஒரு சில கிலோ மெழுகு. அதையும் சாராயத்தில் கழுவி வடித்தால் இன்னும் குறையும். எங்கள் ஸ்டோரில் நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை வருகிறது, நாங்கள் அதையே குறைச்சல் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த மதுரை, திருச்சி, சேலத்துச் சீமைகளிலிருந்துதான் எங்கள் பாட்டன் பூட்டன்மார் கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். பூ பிரான்சின் கிராஸ் நகரத்துக்குப் போனது, நாங்கள் கோப்பி மலைக்கு வந்தோம். இரண்டு பேரும் குவைத் விமான நிலையத்துக் கடையில் சந்தித்துக்கொள்வோம் என்று யார் கண்டது?

மூன்றாவது பூவான ரங்கூன் மல்லிதான் மதியத்துக்கு மேலே வேலையைத் தொடங்குவது. வாசனைத் தொழிலில் இந்தப் பூவை முன்னிறுத்தியது தாங்கள்தான் என்று கம்பனிக்குப் பெருமை. தென்னிந்தியாவில் கண்ட கொடி என்று விளம்பரத்திலேயே சொல்லிக்கொண்டார்கள். கண்டி, மாத்தளை என்று கொஞ்சம் சூடான ஊர்களில் வேலியிலும் வாசல் வளைவிலும் படர்ந்து கிடக்கும். அந்தி சாயும்போது வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோசா நிறமாகி, அதற்கடுத்த நாள் சிவந்துவிடும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். வெள்ளையாக இருக்கும் இரவில் மணத்தைத் தேடி அந்துப்பூச்சிகள் வரும். இந்தக் கொடியைச் சென்டில் வைத்தது வெறும் அலங்காரத்துக்கா என்று எனக்கும் முதலில் சந்தேகம்தான். ஆனால் பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்குத் தோலை முகர்ந்தால், மல்லிகையின் வெண்மை போய், பவுடர் வாசத்தில் ஒரு ரோசா நிறம் ஏறியிருக்கிறது. நிறத்துக்கு ஏது வாசம் என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் போட்டுவிட்டுப் பேசட்டும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஊரில் மீண்டும் பனி இறங்கும். சரிவுகளின் மேலிருந்து வழிந்து வந்து, ஐந்து நிமிடத்தில் மைதானத்தை மூடிவிடும். ஈரக்காற்று வாசத்தைப் பிடித்து வைக்கிறதா, மூக்குதான் ஈரத்தில் கூர்மையாகிறதா, இரண்டும்தானா, எப்படியோ உறங்கத் தொடங்கிய பூ திரும்ப எழும்பிவிடுகிறது. மே, யூன் மாதத் தென்மேற்குப் பருவமழையில் இது இன்னும் பிரமாதம். மழைக்கோட்டுக்குள்ளிருந்து சம்பங்கி புகைகிறது! வேறெந்த ஊரில் கிடைக்கும் இந்தச் சொகுசு?

வெள்ளைப்பூ வாசம் எங்கள் மலைக்குப் புதிதும் அல்ல. அந்தி மயங்கியதும் ரோட்டோரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூக்கள் மணக்கத் தொடங்கும், நுவரெலியா ரோட்டில் பஸ் யன்னலைத் திறந்து வைத்தாலே போதும். ஓடைக்கரையில் வெள்ளை இஞ்சிப்பூ. தேயிலைக்கு முந்தி இங்கே இருந்த கோப்பி 1869இல் தொடங்கிய இலைநோயில் அழிந்தது, ஆனால் லயத்துக்குப் பின்னால் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு கோப்பிச் செடிகள் இன்றைக்கும் மழைக்குப் பிறகு வெள்ளை வெளேரென்று பூத்து மல்லிகையாகவே மணக்கும். தேயிலையும் வெள்ளையாகத்தான் பூக்கும். கொழுந்து பறித்துப் பறித்து, கவ்வாத்து வெட்டி வெட்டி, அதைப் பூக்கவிடுவதில்லை நாங்கள். குண்டுமல்லி ஒன்றுதான் இந்தக் குளிரில் முகம் சுளிக்கும். அம்மாயி தகர டின்னில் வளர்த்த செடி இலையாக வளர்ந்ததே தவிர மனம் வைத்துப் பூத்ததில்லை. அந்தக் குறையைத்தான் இந்தப் போத்தல் தீர்த்துவைத்தது என்பேன்.

குறை என்று ஒன்று சொல்லியே ஆகவேண்டும் என்றால், வறண்ட தோலில் இது நிற்காது. ஜனவரிப் பனியில் கை வெடிப்பு விட்டிருக்கும் நாட்களில் மத்தியானத்தோடு போய்விடும். அதற்கு மருந்தும் வீட்டிலேயே இருக்கிறது. அடிப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். விலை கூடிய சென்டுக்குத் தேங்காய் எண்ணெயா என்று ஓய்வறையில் ஒரு டீச்சர் முகத்தைச் சுளித்தார். சம்பங்கியின் அந்த வெண்ணெய்ப் பசைக்குக் காரணம் லக்டோன்கள், தேங்காய் வாசத்துக்குக் காரணமும் லக்டோன்கள்தான். சண்டை போடாது, கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஆனால் சுத்தமான எண்ணெயாக இருக்கவேண்டும். வேப்பிலையும் வல்லாரையும் போட்டுக் காய்ச்சிய தலை எண்ணெயைத் தடவிவிட்டு என்னிடம் வந்து முறையிட வேண்டாம்.

இரவு சமையல் முடிந்து, அடுப்புப் புகை ஏறிய கையோடு உட்கார்ந்தாலும் முழங்கை மடிப்பில் இன்னும் ஏதோ இருக்கிறது. பூ இல்லை. மெலிந்த சந்தன வாசமும், வெளுத்துக் காயவைத்த துணியின் வாசமும், உடம்பின் வாசமும் கலந்த ஒன்று. பக்கத்தில் வந்தால்தான் தெரியும். கம்பளி நூலில் இது போகவே போகாது. ஸ்வெட்டரைக் கழுவாமல் விட்டால் மறுநாள் காலையில் சம்பங்கி மறுபடி முதலிலிருந்து பேச ஆரம்பிக்கும். கம்பளி உடுத்த வாய்ப்பே இல்லாத கொழும்புக்காரிகளை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வருகிற அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு விண்ணப்பம். மலர்க் கண்காட்சிக்கு வருகிறீர்கள், குதிரை ஓட்டம் பார்க்கிறீர்கள், விக்டோரியாப் பூங்காவில் படம் எடுக்கிறீர்கள், எல்லாம் சரி. கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறும்போதே சென்டை அடித்துக்கொண்டு வராதீர்கள். கம்பளை தாண்டுவதற்குள் பூவெல்லாம் கருகிவிடும். போத்தலைப் பையில் வைத்திருங்கள். ஹட்டன் சுரங்கம் தாண்டி, கையில் மயிர் சிலிர்க்கும்போது ஸ்வெட்டரை எடுத்துப் போடுவீர்களே, அப்போது அடியுங்கள். கழுத்தில்தான் அடிக்கவேண்டும், மணிக்கட்டில் வேண்டாம். யன்னலை மூடிவிட்டு.